தினம் ஒரு தள்ளுபடி: மலிவு எங்கிருந்து வருகிறது?

கடையில் நான்காயிரம் ரூபாய் விலை சொல்லும் ஹெட்போன், இணையத்தில் "இன்று மட்டும்" 1,299 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் 7 மட்டுமே உள்ளன" என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வேறு. ஊரில் மொபைல் கடை வைத்திருப்பவரிடம் அதைக் காட்டினால், "எனக்குக் கொள்முதலே இதைவிட அதிகம் பாய், அவன் எப்படிக் கொடுக்கிறான்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. யாரும் நட்டத்துக்கு வியாபாரம் செய்வதில்லை. செய்தால், அந்த நட்டத்தை வேறு யாரோ ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள். அது யார் என்பதைத் தெரிந்துகொண்டால் தள்ளுபடி வியாபாரத்தின் முக்கால் பங்கு புரிந்துவிடும். வாங்கும் நமக்கும் இது தேவை. நம் ஊர்களில் சிறு கடையும் உணவகமும் நடத்துவோருக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

ஒரு நாள், ஒரு பொருள்

தினசரி தள்ளுபடி என்ற முறையை இணையத்தில் பிரபலமாக்கியது அமெரிக்காவின் 'வூட்' என்ற தளம். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் பகுதியில் மின்னணுப் பொருட்களின் மொத்த வியாபாரம் செய்துவந்த மேட் ரட்லெட்ஜ் என்பவர் 2004 ஜூலையில் இதைத் தொடங்கினார். மொத்த வியாபாரிக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு. ஆயிரம் பெட்டி வாங்கி எண்ணூறு விற்றபின், மீதி இருநூறு கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் புது மாடல் வந்துவிடும். அந்த இருநூறு பெட்டியைக் கழிக்கத்தான் வூட் பிறந்தது.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு பொருள் விற்பனைக்கு வரும். தீரும்வரை அல்லது மறுநாள் நள்ளிரவுவரை இருக்கும். பிறகு வேறு பொருள். அனுப்பும் செலவு எதற்கும் ஒரே மாதிரி 5 டாலர். பத்தாயிரம் பொருட்களை அடுக்கி வைக்க வேண்டியதில்லை, தேடுவதற்கு வசதி செய்ய வேண்டியதில்லை, பெரிதாக விளம்பரமும் தேவையில்லை. இன்று என்ன வந்திருக்கிறது என்று பார்க்க மக்களே தினமும் வந்தார்கள். அப்படியும் விற்காதவற்றைப் பையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே சில டாலருக்கு விற்றார்கள். 'குப்பைப் பை' என்ற பொருள் வரும்படிதான் அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்தப் பைகளுக்குத்தான் அடிதடி! 2010-ல் அமேசான் இந்த நிறுவனத்தை 110 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது.

வூட்டின் கதையில் ஒளிவுமறைவு குறைவு. பொருள் மீந்துபோனது, அதனால் மலிவு. இது திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது பழுதாகும் துணிகளை ஈடுகட்டச் சில சதவீதம் கூடுதலாகத் தைப்பார்கள். பழுது குறைவாக இருந்தால் அந்த உபரி மிஞ்சும். சில நேரம் வாங்குபவர் ஆர்டரையே ரத்து செய்துவிடுவார். இவையெல்லாம் 'ஸ்டாக் லாட்' என்ற பெயரில் எடைக்கும் எண்ணிக்கைக்கும் கைமாறி, காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து சேரும். அடக்க விலையை விடக் குறைவாகக் கிடைத்தாலும் தையல்காரருக்கு அது லாபம்தான். துணி கிடந்து மக்கினால் அதுவும் கிடைக்காதே.

மீந்ததை ஏன் இணையத்துக்குத் தள்ளுகிறார்கள்?

பெரிய பிராண்டுகளுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பத்தாயிரம் ரூபாய்ச் சட்டையைத் தன் கடையிலேயே மூவாயிரத்துக்குத் தொங்கவிட்டால், அடுத்த முறை பத்தாயிரம் கொடுக்க யார் வருவார்கள்? பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2018 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருட்களை அழித்தது. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்தபின் அதே ஆண்டு செப்டம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மலிவாக விற்பதை விட எரிப்பதே மேல் என்று நினைக்கும் அளவுக்கு அவர்களுக்கு விலையின் மானம் பெரிது.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்துப் பணம் பார்த்தது பிரான்ஸின் 'வான்ட் பிரிவே'. விற்காத ஆடைகளை மொத்தமாக வாங்கி விற்கும் தொழிலில் இருந்த ழாக்-அந்துவான் கிராஞ்ஜோன் 2001-ல் இதைத் தொடங்கினார். உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு மட்டுமே விற்பனை. அதுவும் சில நாட்கள்தான். வெளியே இருப்பவருக்கு விலை தெரியாது. பிராண்டின் பெயரும் கெடாது, சரக்கும் கழியும். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், சரக்கை முன்கூட்டி வாங்கிக் கிடங்கில் வைப்பதில்லை. பிராண்டிடம் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, விற்பனை முடிந்தபின் விற்றதை மட்டும் வாங்குவார்கள். வாடிக்கையாளர் பணம் முதலில் வந்துவிடும். பொருள் வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். தள்ளுபடிக்காக மக்கள் காத்திருந்தார்கள்.

மீந்த சரக்கு மட்டுமல்ல, திரும்பி வந்த சரக்கும் ஒரு பெரிய ஊற்று. இணையத்தில் வாங்கிய சட்டை அளவு சேரவில்லை என்று நாம் திருப்பி அனுப்புகிறோம். அதைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி அலமாரிக்குக் கொண்டுபோக ஆகும் கூலி சில நேரம் பொருளின் லாபத்தையே தின்றுவிடும். ஆகவே அப்படியே மரப்பலகைத் தட்டுகளில் அடுக்கி, தட்டுக் கணக்கில் ஏலம் விடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஏலம் எடுத்தவர் பிரித்து, ஓடுவதை ஒரு பக்கம் ஓடாததை ஒரு பக்கம் வைத்து, பழுது பார்த்து, புதிய பெட்டியில் போட்டு விற்பார். 'ரீஃபர்பிஷ்டு' என்று தெளிவாக எழுதி, உத்தரவாதக் காலத்தையும் சொல்லி விற்றால் அதில் தவறேதும் இல்லை. பொடி எழுத்தில் மறைத்து எழுதுவதுதான் தவறு.

இன்னும் ஒரு வகையைச் சொல்ல வேண்டும். தள்ளுபடிக்காகவே செய்யப்படும் பொருட்கள். கடையில் இருக்கும் தொலைக்காட்சியும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தொலைக்காட்சியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். உள்ளே நினைவகமோ ஒலிபெருக்கியோ இணைப்புத் துளைகளோ குறைந்திருக்கும். இரண்டின் விலையையும் ஒப்பிட முடியாதபடி செய்வதே அந்த ஓர் எழுத்தின் வேலை.

'இருந்த விலை' என்றொரு கற்பனை

இதுவரை சொன்னது உண்மையான மலிவு. இனி, மலிவு போலத் தோன்றுவது.

அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய 'ஓவர்ஸ்டாக்' என்ற தளம், பெயருக்கேற்ப மீந்த சரக்கை விற்று வளர்ந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒப்பீட்டு விலை ஒன்றைக் காட்டுவார்கள். ஒருவர் அதில் தோட்டத்து மேசை நாற்காலித் தொகுப்பு ஒன்றை 449 டாலருக்கு வாங்கினார். பட்டியல் விலை 999 என்று தளம் சொன்னது. பாதிக்கும் கீழான விலை என்று மகிழ்ந்திருப்பார். வீட்டுக்கு வந்த பொருளின் மேல் வால்மார்ட்டின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது: 247 டாலர்! கலிபோர்னியாவில் அரசு வழக்கறிஞர்கள் 2010-ல் தொடுத்த வழக்கில், 2014-ல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 68 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நம் நாட்டில் இந்த வேலையை எம்.ஆர்.பி. செய்கிறது. பொட்டலப் பொருட்களில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும், அதற்கு மேல் விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் மருந்து போன்ற சிலவற்றைத் தவிர, அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. 700 ரூபாய்க்கு விற்க நினைக்கும் பொருளில் 2,999 என்று அச்சிட்டுவிட்டு '76 சதவீதம் தள்ளுபடி' என்று போடலாம். நுகர்வோரைக் காக்க வந்த எண், தள்ளுபடியைப் பெருக்கிக் காட்டும் எண்ணாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நமக்கும் இப்படி ஒன்று வந்தால் எத்தனை 'மெகா சேல்' மிஞ்சும் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய முதல் 'பிக் பில்லியன் டே' நினைவிருக்கலாம். பத்து மணி நேரத்தில் 10 கோடி டாலருக்கு விற்றதாக அறிவித்தார்கள். ஆனால் தளம் முடங்கியது, ஆர்டர்கள் ரத்தாயின, விற்பனைக்கு முன் விலையை ஏற்றிவிட்டார்கள் என்ற புகார் எழுந்தது. மறுநாளே நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு 'ஒயிட் ஃப்ரைடே' தெரிந்திருக்கும். அமெரிக்காவின் 'பிளாக் ஃப்ரைடே'யை 2014-ல் 'சூக்' தளம் அங்கே கொண்டுவந்தபோது, வெள்ளிக்கிழமையைக் கறுப்பு என்று அழைப்பது அந்த மண்ணுக்கு ஒட்டாது என்பதால் நிறத்தை மாற்றினார்கள். விற்கும் முறை அதேதான்.

கூப்பன் வியாபாரம்: கடைக்காரர் கவனிக்க

பொருளை விட்டு, சேவைக்கு வருவோம். சிகாகோவில் 2008 நவம்பரில் ஆண்ட்ரூ மேசன் தொடங்கிய 'குரூபான்' முதலில் விற்றது, தன் அலுவலகக் கட்டடத்திலேயே இருந்த உணவகத்தின் பீட்சா. ஒன்றின் விலைக்கு இரண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்தால்தான் சலுகை செல்லும். இரண்டே ஆண்டுகளில் கூகுள் இதை 6 பில்லியன் டாலருக்கு வாங்க முன்வந்து, குரூபான் மறுக்கும் அளவுக்கு வளர்ந்தது.

இதன் கணக்கை நம் ஊர் உணவகத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 400 ரூபாய் சாப்பாட்டுக்கு 200 ரூபாயில் கூப்பன். அந்த 200-ல் பாதியைத் தளம் எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் கைக்கு வருவது 100. அரிசி, கறி, எண்ணெய், எரிவாயு, பரிமாறுபவர் கூலி எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டின் அடக்கம் 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூப்பனுக்கும் 120 ரூபாய் கைநட்டம். ஆயிரம் பேர் வந்தால் 1,20,000 ரூபாய். வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் முழு விலை கொடுத்துச் சாப்பிட வருவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூப்பனைத் தேடி வருபவர் பெரும்பாலும் அடுத்த கூப்பனைத் தேடித்தான் போவார். வழக்கமாக முழு விலை கொடுக்கும் வாடிக்கையாளரும் கூப்பனோடு வந்து நிற்பார் என்பது தனிக்கதை.

இங்கிலாந்தின் ரெடிங் நகரருகே கேக் கடை நடத்திய ஒரு பெண்மணிக்கு 2011-ல் நடந்தது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 26 பவுண்டு விலையுள்ள பன்னிரண்டு கப்கேக்குகளை ஆறரை பவுண்டுக்குத் தருவதாக குரூபானில் சலுகை கொடுத்தார். 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக்குகள்! எட்டுப் பேர் வேலை பார்க்கும் கடையில் தற்காலிகமாக 25 பேரை அமர்த்தி இரவும் பகலும் சுட்டுக் கொடுத்தார். முடிவில் 12,500 பவுண்டு நட்டம். எத்தனை கூப்பன் வரை விற்கலாம் என்று வரம்பு வைக்காததுதான் அடிப்படைக் கோளாறு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 'போசீஸ்' என்ற தேநீர்க் கடையும் 2010-ல் இதே போல மாட்டியது. 13 டாலர் மதிப்புக்கு 6 டாலர் கூப்பன். அதில் பாதி குரூபானுக்கு. ஊழியர் சம்பளத்துக்காகச் சொந்தச் சேமிப்பிலிருந்து 8,000 டாலர் எடுக்க வேண்டியதாயிற்று என்று கடை உரிமையாளரே எழுதினார்.

எல்லோருக்கும் நட்டம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உத்பல் தோலக்கியா 2010-ல் 150 தொழில்களை ஆராய்ந்தார். குரூபான் சலுகையால் 66 சதவீதத்தினருக்கு லாபம், 32 சதவீதத்தினருக்கு லாபமில்லை. ஆனால் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி செய்யமாட்டோம் என்றார்கள். யாருக்குப் பொருந்தும் என்பது யோசித்தால் புரியும். யாரும் வராவிட்டாலும் விளக்கும் ஆளும் எரிந்துகொண்டிருக்கும் தொழில்களுக்கு, அதாவது உடற்பயிற்சிக் கூடம், பயிற்சி வகுப்பு, காலியாகக் கிடக்கும் தங்கும் அறை போன்றவற்றுக்கு, வருகிற நூறு ரூபாயும் லாபம்தான். ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக அரிசி கொட்ட வேண்டிய தொழிலுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் தளத்துக்கு என்ன வரவு? கழிவுத் தொகை ஒன்று. மக்கள் இன்றே பணம் கட்டிவிடுவார்கள், கடைக்காரருக்கு அமெரிக்காவில் தவணைகளாக 60 நாட்களுக்குள் கொடுப்பார்கள். இடையில் அந்தப் பணம் வட்டியில்லாக் கடனாகத் தளத்தின் கையில் சுழலும். கடைக்காரரின் பணத்தில் கடைக்காரரை விடப் பெரிய கம்பெனி நடக்கும். வாங்கிவிட்டு மறந்துபோகும் கூப்பன்கள் இன்னொரு வரவு. ஒப்பந்தத்தைப் பொறுத்து அந்தத் தொகை தளத்துக்கோ கடைக்கோ மிஞ்சும். வாங்கியவருக்கு மட்டும் மிஞ்சாது.

அப்படியும் குரூபானுக்குக் கட்டுப்படியாகவில்லை. கூப்பனின் முழுத் தொகையையும் தன் வருமானமாகக் காட்டிவந்ததைப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் கேள்வி கேட்டது. 2011 செப்டம்பரில் கணக்கைத் திருத்தியபோது 2010-ன் வருமானம் 71 கோடியே 34 லட்சம் டாலரிலிருந்து 31 கோடியே 29 லட்சமாகச் சுருங்கியது. நவம்பரில் 20 டாலருக்கு விற்ற பங்கு, ஓராண்டில் 3 டாலருக்கும் கீழே போனது. 2013 பிப்ரவரியில் மேசனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

முதலீட்டாளர் வீட்டுப் பணம்

2013 செப்டம்பரில் இந்தியாவில் வெங்காய விலை எகிறியிருந்தபோது, குரூபானின் இந்தியக் கிளை கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் விற்றது. முதல் நாள் 3,000 கிலோ 44 நிமிடங்களில் தீர்ந்தது. கொள்முதல் விலையே அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த வாரம் நாடெங்கும் செய்தித்தாள்கள் அந்தப் பெயரை இலவசமாக எழுதின. அதே அளவு விளம்பரத்துக்குக் காசு கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால், அது வெங்காய வியாபாரமே அல்ல என்பது விளங்கும்.

2010 பிப்ரவரியில் குணால் பால், ரோஹித் பன்சால் இருவரும் தொடங்கிய ஸ்னாப்டீலும் முதலில் தினசரி சலுகைத் தளம்தான். ஓரிரு ஆண்டுகளிலேயே அதைவிட்டுப் பலரும் விற்கும் சந்தையாக மாறிவிட்டது. 2014-ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் மட்டும் 62 கோடியே 70 லட்சம் டாலர் போட்டது. அந்தக் காலத்தில் நாம் அனுபவித்த தள்ளுபடிகளில் பெரும்பகுதி இப்படி வந்த பணம். முதலில் சந்தையைப் பிடி, லாபத்தைப் பிறகு பார்ப்போம் என்ற கணக்கு. மொபைல் கடைக்காரரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் தன் முதலைக் கொண்டு, வேறு யாருடைய முதலோடோ போட்டி போடுகிறார். சங்கங்கள் போராடியபின், அந்நிய முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ தீர்மானிக்கக்கூடாது என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு விதித்தது. 2019 பிப்ரவரி முதல் விதி மேலும் இறுக்கப்பட்டது. நடைமுறையில் எவ்வளவு இறுகியது என்பதைக் கடைவீதியில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது தள்ளுபடியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வங்கி அட்டைக்கு 10 சதவீதக் கழிவு என்றால், வங்கியும் பிராண்டும் தளமும் அதை ஏற்கின்றன. வங்கிக்கு வேண்டியது நாம் அந்த அட்டையைப் பழக்கப்படுத்திக்கொள்வது. 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' என்பதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வட்டித் தொகையை விலையில் கழிவாகக் காட்டிவிட்டு, வங்கி தன் வட்டியை வழக்கம்போல் வசூலிக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. வட்டியை விட்டு விலகி நிற்பவர்கள், பெயரைப் பார்க்காமல் வங்கி அறிக்கையைத் திறந்து பார்க்கட்டும்.

வாங்குமுன் செய்யக்கூடியவை அதிகமில்லை. மாடல் எண்ணை முழுதாக எடுத்து இன்னொரு தளத்திலும் பக்கத்துக் கடையிலும் விலை கேளுங்கள். விலை வரலாற்றைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன, கடந்த சில மாதங்களில் அது என்ன விலைக்கு விற்றது என்று தெரிந்துவிடும். விற்பவர் பெயர், புதியதா சீரமைத்ததா, உத்தரவாதம் கம்பெனியுடையதா விற்பவருடையதா என்பதைப் படியுங்கள். கடிகாரம் ஓடி முடிந்தபின் பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள். அதே விலை இருந்தால் அந்தக் கடிகாரம் பொய். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணம் கூட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களைத் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. திரைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கடைக்காரர்கள், சலுகைத் தளத்தின் ஆள் ஒப்பந்தத்தோடு வந்தால், எத்தனை கூப்பன் வரை, எந்தெந்தக் கிழமைகளில், பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கியபின் கையெழுத்துப் போடுங்கள்.